அரைப்புள்ளி

காரைக்குடி, செக்காலை ரோடு.
செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மூன்று மேசை, முனகும் ஒரு யூ.பி.எஸ்.,
பைப்லைன் ஓடுவதைக் காட்ட ஒரு பழைய டிவி.
பச்சை என்றால் டீ சொல்லலாம்.
சிவப்பு என்றால்
யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

நாங்கள் செய்து கொடுத்தது கோயில் புள்ளிக் கணக்கு.
கல்யாணமானவர் ஒரு புள்ளி, முழு வரி.
துணையை இழந்தவர் அரைப்புள்ளி, பாதி வரி.
விதியைச் சொல்ல வந்த காரியக்காரர்
"அரைன்னா அரைதான் தம்பி" என்றார், இரண்டு தரம்.
நான் மானாமதுரைக்காரன்.
எனக்குத் தெரிந்த அரைப்புள்ளி
வரி முடிகிற இடத்தில் வைப்பது,
மறந்தால் கம்பைலர் கத்துவது.

வேலையை விட்டுப் போகும் முன்
உமையாள் ஒரு சோதனை எழுதி வைத்திருந்தாள்.
பெயர்: யாரும்_பூஜ்ஜியம்_இல்லை.
பட்டியலைக் குலுக்கி ஒரு பெயரை எடுக்கும்,
வரியைப் போட்டுப் பார்க்கும், அவ்வளவுதான்.
மூன்று வாரமாக
பத்து ஓட்டத்துக்கு ஒரு தரம் விழுந்தது.
மறுபடி ஓட்டினால் எழுந்துகொள்ளும்,
பஸ் ஸ்டாண்டில் வழுக்கியவன்
யாரும் பார்க்கவில்லையே என்று
வேட்டியைத் தட்டிக்கொள்வது போல.

மாசி மாதம். வெள்ளிக்கிழமை. ஆறே கால்.
சிவராத்திரிக்கு முன் ரசீது போயாக வேண்டும்.
டிவியில் சிவப்பு.
"அது சும்மா விழற டெஸ்ட்டுப்பா" என்றார் சோலையப்பன்.
சோதனையின் தலைமாட்டில்
'ஸ்கிப்' என்று ஒரு சொல் வைத்தேன்.
பச்சை.
நாலு டீ, ஒன்று சர்க்கரை இல்லாமல்.

இரவு பத்துக்கு எல்லாம் தானே நடந்தது.
கட்டியது, பொதிந்தது, சர்வரில் ஏற்றியது,
அச்சகத்துக்குக் கோப்பை அனுப்பியது,
தபாலுக்கு முகவரி ஒட்டச் சொன்னது.
எங்கும் ஒரு கை படவில்லை.
அதில்தான் எங்களுக்குப் பெருமை.

புதன் காலை கண்டனூரிலிருந்து போன்.
"தெய்வானை பேசறேன்.
ரசீதுல பூஜ்ஜியம் போட்டிருக்கு.
போனது அவுகதானே தம்பி,
நான் எப்பப் போனேன்?"

ஒரு கட்டளை. நாலு நிமிடம்.
முந்தைய பதிப்பு திரும்பி வந்து உட்கார்ந்தது
ஒன்றும் நடக்காத முகத்தோடு.
அறுபத்து மூன்று பேர் மறுபடி அரையானார்கள்.
தசமம் இருந்த இடத்தில்
யாரோ முழு எண்ணை வைத்திருக்கிறார்கள்.
யாரோ என்ன யாரோ.
கமிட்டில் என் பெயர்.
பகல் மூன்று பன்னிரண்டு.
குறிப்பு: 'சிறு திருத்தம்'.
பத்தில் ஒரு தரம் விழுந்ததற்கும் காரணம் கிடைத்தது.
பட்டியலில் பத்தில் ஒருவர் அரை.
அந்தப் பெயர் வந்த போதெல்லாம்
சோதனை சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

காகிதத்துக்கு ரோல்பேக் கிடையாது.
அறுபத்து மூன்று ரசீதைப் புதிதாக அடித்து
பைக்கில் கிளம்பினேன்.
புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர்.
ஒரு வீட்டில் நாய்,
இரண்டு வீடு பூட்டு,
ஒருவர் மோர் கொடுத்துவிட்டுத் திட்டினார்.
கடைசியாகக் கண்டனூர்.
தெய்வானைக்கு நாற்பது கூட இருக்காது.
ஏழாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.
சிவப்பு மையை மூடிவிட்டு
ரசீதை வெளிச்சத்தில் பிடித்தார்.
"பழசைக் கிழிச்சுப் போட்டுருங்க" என்றேன்.
கிழிக்கவில்லை.
சுவரில் தொங்கிய ரசீதுக் கம்பியில்
பூஜ்ஜியத்தை முதலில் குத்தினார்,
அதன் மேல் அரையை.
வரியை எண்ணிக் கொடுத்தார், சில்லறையோடு.

இரவு அலுவலகம்.
என் 'ஸ்கிப்'பை எடுத்தேன்.
குலுக்கலையும் எடுத்தேன்.
இனி எல்லாப் பெயரும், ஒவ்வொன்றாக.
இரண்டு நிமிடம் ஓடியது பதினொன்று ஆனது.
சோலையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பையை மாட்டிக்கொண்டு
மறுபடி இறக்கி வைத்தார்.

டிவியில் மஞ்சள்.
டீ சொல்லவில்லை இன்னும்.
இப்போது 'த' வரிசை.